மூடி இறுகிய டப்பாக்கள்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே மூவரும் நலம். நீ போனில் கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ குறுக்கே பேசுவாய், நான் "சரிப்பா, பார்க்கலாம்" என்று வைத்துவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். தாள் குறுக்கே பேசாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ கேட்டதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பாப்பாவை, அவளைப் போல ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான ஒரு விடுதிப் பள்ளியில் சேர்க்க ஏற்பாடு செய்துவிட்டாய். மாதக் கடைசியில் கார் எடுத்துக்கொண்டு வருகிறாய். அதற்குள் நான் மருமகளிடம் பக்குவமாகப் பேசிச் சம்மதிக்க வைக்க வேண்டும். "நீங்க சொன்னா மறுக்க மாட்டாப்பா. உங்க மேல அவளுக்கு மரியாதை" என்றாய். மரியாதை இருப்பது உண்மைதான். அதை எதற்குச் செலவழிப்பது என்பதை மட்டும் நீ முடிவு செய்துவிட்டாய்.

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். பெரிய கட்டடம். நீச்சல் குளம், வண்ணம் பூசிய சுவர்கள், வரிசையாகக் கட்டில்கள். ஒரு படத்திலும் பெரியவர் யாரும் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்திருக்கவில்லை. நான் சரியாகக் கவனிக்கவில்லையோ என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். ஒருவரும் இல்லை. நாலு வயது நிரம்பாத பிள்ளைக்கு நீ தேர்ந்தெடுத்ததில் நீச்சல் குளம் இருக்கிறது. உனக்குத் திருப்தியாக இருக்கும்.

போன மாதம் உன் அக்கா வந்து தங்கியிருந்தாள். இந்த வீட்டைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சொன்னதுதான். அவளுடைய சொற்களைக்கூட நீ மாற்றவில்லை. ஆகவே அவள் சொல்லாமல் விட்டதை நான் எழுத வேண்டியிருக்கிறது.

பாப்பாவுக்குப் பிடித்த பொருள்களை, மர வாத்துப் பொம்மை, சோப்புக் குமிழி ஊதும் குப்பி, பிஸ்கட் எல்லாவற்றையும், மருமகள் மூடி இறுகிய டப்பாக்களில் போட்டு அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்கிறாள். டப்பாவுக்கு வெளியே இருந்து பார்த்தால் உள்ளே இருப்பது தெரியும். எடுக்கலாம், குலுக்கலாம், ஆனால் பாப்பாவால் திறக்க முடியாது. திறக்க ஓர் ஆள் வேண்டும். விஷயமே அதுதான். முன்பெல்லாம் பாப்பாவுக்கு ஆளே தேவைப்படவில்லை. நாங்கள் இருவரும் அவளுக்கு நாற்காலி மாதிரிதான். இப்போது அவள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு தாயிடம் வருகிறாள். தாய் உடனே திறப்பதில்லை. காத்திருக்கிறாள். பிள்ளை கையைத் தொடும், சில சமயம் முகத்தைப் பார்க்கும். பிறகு மூடி திறக்கும். மாதம் ஒரு முறை வருகிற பயிற்சியாளர் அம்மா பிள்ளைக்கு ஒன்றும் சொல்லித் தருவதில்லை. தாய்க்குத்தான் சொல்லித் தருகிறார். மீதி நாளெல்லாம் குளியலறையிலும் சாப்பாட்டு மேசைக்கு அடியிலும் பள்ளிக்கூடம் நடத்துவது உன் மனைவி. பிள்ளை கரண்டியால் தரையைத் தட்டினால் இவளும் எதிரே உட்கார்ந்து தட்டுகிறாள்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் உன் அக்கா என்னிடம், "வைத்தியம் யாருக்குப்பா, பிள்ளைக்கா, உங்க மருமகளுக்கா?" என்று கேட்டாள். மருமகள் காதில் விழட்டும் என்றே கேட்டாள். விழுந்தது. கரண்டிச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

மறுநாள் உன் அக்கா எல்லா டப்பாக்களையும் திறந்து, உள்ளே இருந்ததை ஒரு கூடையில் கொட்டிக் கூடத்தின் நடுவில் வைத்துவிட்டு, மூடிகளைப் பரண்மேல் எறிந்தாள். பெற்ற பிள்ளையைக் கெஞ்ச விட்டு வேடிக்கை பார்ப்பவள் தாயா என்று கேட்டாள். மருமகள், "அண்ணி, மூடிய மட்டும் குடுத்துடுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். உன் அக்காவுக்கு இரக்கம் அதிகம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வந்து, வந்த இடத்திலேயே அவ்வளவையும் கொட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு அது அதிகமாகத்தான் இருக்கும்.

அந்த வாரம்தான் நீ வீடியோவில் வந்தாய். பாப்பா கூடைக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வேண்டியதெல்லாம் கூடையில் இருக்கும்போது அவள் ஏன் திரும்ப வேண்டும்? நீ "இங்க பாரு, அப்பா சொல்லு" என்று கத்திக்கொண்டே இருந்தாய். அவள் திரும்பவில்லை. "இத்தனை நாளா என்னதான் நடக்குது அங்க? டப்பா மூடியத் தொறக்குறதுக்குப் பேரு பயிற்சியா?" என்று கேட்டுவிட்டு வைத்தாய். நாலே நாளில் பள்ளியைக் கண்டுபிடித்துவிட்டாய். அலுவலகத்தில் உன் வேகத்தைப் பாராட்டுவார்கள் என்று நினைக்கிறேன்.

என் வேலை என்னவென்று உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது. தட்டுக்கு அடியில் மெழுகை ஒட்டி வைத்த ஒரு கடைக்காரன், எடை தப்பாகக் காட்டுகிறதே என்று என்னிடமே அங்கலாய்த்திருக்கிறான். உன் அக்கா கூடையில் கொட்டி மெழுகை ஒட்டினாள். நீ வீடியோவில் எடை பார்த்தாய். ஒரே வித்தியாசம், தான் செய்வது என்னவென்று அந்தக் கடைக்காரனுக்குத் தெரிந்திருந்தது.

கடுமையாக எழுதிவிட்டேனோ என்று மேலே உள்ள வரிகளை அடிக்கப் போனேன். பிறகு பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டேன். இருக்கட்டும்.

அக்கா போனதும் மருமகள் நாற்காலி மேல் ஏறி மூடிகளைத் தேடி எடுத்தாள். பாப்பாவுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. டப்பாவைத் தரையில் அடித்து அடித்து அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. திறந்து கொடுக்கப் போனேன். மருமகள் என் கையைத் தடுக்கவில்லை, சொன்னாள்:

"மாமா, கொஞ்சம் இருங்க. அழட்டும்னு இல்ல. நம்மகிட்ட வரலாம்னு அவளுக்கு ஞாபகம் வரட்டும்."

சொல்லிவிட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் போய், உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு அந்தக் கையில் டப்பா வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அவளும் கையை எடுக்கவில்லை. இதைப் பற்றிப் போனில் மூன்று காணொளி பார்த்து நீ முடித்துவிட்ட பாடத்தை அவள் இப்படித்தான் படித்துக்கொண்டிருக்கிறாள். இதையெல்லாம் எடைபோட எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. உனக்கு இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

நேற்று மத்தியானம் நடந்ததைச் சொல்கிறேன். மருமகள் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் சன்னலோரம் நாற்காலியில் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தேன். தாளின் மேல் ஏதோ பொத்தென்று விழுந்தது. வாத்து இருக்கும் டப்பா. பாப்பா என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த வீட்டில் என்னிடம் யாரும் எதையும் கேட்டு வருவதில்லை. ஆகவே தாயைத் தேடி வந்து ஆள் மாறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். மருமகளைக் கூப்பிட வாயெடுத்தேன். பிறகு, அவள் செய்வதைப் போலவே, பேசாமல் காத்திருந்தேன். பாப்பா டப்பாவைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள்.

திறந்து கொடுத்தேன். அவள் வாத்தை எடுத்துக்கொண்டு ஓடுவாள் என்று இருந்தேன். ஓடவில்லை. வாத்தை மறுபடி உள்ளே போட்டாள், மூடியைத் தானே மேலே வைத்து உள்ளங்கையால் தட்டினாள், டப்பாவை என் மடியில் வைத்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு வாத்து வேண்டியிருக்கவில்லை.

எத்தனை முறை திறந்தேன் என்று தெரியவில்லை. எண்ணிப் பழகிய ஆள் நான், எண்ணவில்லை. மருமகள் ஈரக் கையோடு வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போனாள்.

நீ சொல்லச் சொன்னதை அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். உனக்கு நான் இப்படி எழுதுவது இதுதான் முதல் தடவை என்பதால், படித்ததும் வேறு யாராவது எழுதிக் கொடுத்ததோ என்று சந்தேகப்படுவாய். இல்லை. கையெழுத்து நடுங்கியிருப்பதே அத்தாட்சி.

மாதக் கடைசியில் வா. காரில் பிள்ளைக்கு இடம் ஒதுக்கி வைக்காதே. பொம்மைகள் வாங்கி வராதே, உன் அக்காவையும் அழைத்து வராதே. போனைச் செருப்போடு வெளியே விட்டுவிட்டு வந்து கூடத்தில் தரையில் உட்கார். அப்பா சொல்லு என்று கேட்காதே. அவள் உன் பக்கம் வராமலும் போகலாம். அப்போதும் எழுந்து போகாதே.

கடிதத்தை ஆசியோடு முடிக்க வேண்டும். எதை வேண்டி ஆசி சொல்வது என்று வெகு நேரம் யோசித்தேன். பதவி, சம்பளம் எல்லாம் நான் சொல்லாமலே உனக்கு வந்துவிட்டது. ஆகவே இது: ஒரு நாள் அவள் உன்னிடமும் ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வரட்டும். அன்றைக்கு உன் கை காலியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா