நுரை பூசிய பலூன்

என் செல்ல மகனுக்கு அம்மா எழுதுவது. உடம்பு நன்றாக இருக்கிறதா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் அப்பா பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறாய். கடிதத்தையாவது கடைசிவரை படிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பயப்படாதே, கண்டம் தாண்டிவிட்டது. போன வாரம் சலூனில் ஒருவருக்கு முகத்தில் நுரை பூசிக்கொண்டிருந்தவர், வலிப்பு வந்து பிரஷ்ஷோடு கீழே விழுந்துவிட்டார். கத்தியை எடுக்கும் முன்பே விழுந்தது அந்த மனிதர் செய்த புண்ணியம்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உடம்பில் மெக்னீசியம் அடியோடு குறைந்துபோயிருக்கிறதாம். எனக்கும் அந்தப் பெயர் புதிதுதான். நரம்பும் தசையும் இதயமும் ஒழுங்காக ஓட அந்தச் சத்து வேண்டுமாம். கை நடுக்கம், ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது, நெஞ்சுப் படபடப்பு எல்லாம் அதனால்தான். எப்படிக் குறைந்தது என்று டாக்டரம்மா துருவித் துருவிக் கேட்டார். நெஞ்செரிச்சலுக்கென்று உன் அப்பா வருஷக்கணக்காக யாரையும் கேட்காமல் விழுங்கிய மாத்திரைதான் காரணமாம். மிட்டாய் மாதிரி அல்லவா தின்றார். இப்போது அதை நிறுத்திவிட்டு, சத்தை நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். இனிமேல் சத்து மாத்திரையைக்கூடத் தானாக வாங்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

போன முறை நீ வந்திருந்தபோது, சாப்பிடும் இடத்தில் அவர் கையில் டம்ளர் ஆடியதைப் பார்த்தாய். திரும்பக் குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். உன்மேல் தப்புச் சொல்லமாட்டேன். சின்ன வயதில் நீ பட்டதையெல்லாம் நானும்தான் பட்டேன். ஆனால் விட்டதை அவர் திரும்பத் தொடவே இல்லையடா. சலூனுக்கு வருகிறவர்களும் அதையே நினைத்துப் பக்கத்து நாற்காலிக்கு மாறினார்கள். டாக்டரிடம் போகலாம் என்று நான் கூப்பிட்டபோதெல்லாம், பெத்த புள்ளையே நம்பல, டாக்டரா நம்பப் போறாங்க என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒருநாள் குளியலறையில் சத்தம் கேட்டு ஓடினேன். பலூனை ஊதி, அதில் நுரை பூசிக் கத்தியால் வழித்துப் பார்த்திருக்கிறார். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் அப்படித்தான் கை பழகுவார்கள், உனக்குத் தெரியும். அது வெடித்து, முகமெல்லாம் நுரையாக நின்றார். நான் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் அவர் அழுதுகொண்டிருப்பது தெரிந்தது.

இப்போது நடுக்கம் நின்றுவிட்டது. நேற்று டம்ளரைத் தண்ணீர் சிந்தாமல் பிடித்துக் குடித்தார். குடித்துவிட்டு, பார்த்தாயா என்பதுபோல வாசல் பக்கம் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. சலூன் முதலாளி வந்து வேலைக்குக் கூப்பிட்டதற்கு, இனிமேல் யார் கழுத்திலும் கத்தி வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

உன்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அதற்கெல்லாம் உங்கள் இரண்டு பேருக்குமே வாய் வராது. லீவு கிடைத்தால் ஒரு நடை வந்துவிட்டுப் போ. வரும்போது மட்டும் முகச்சவரம் செய்துகொண்டு வராதே, கண்ணா.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அம்மா