கிளாரா எண்ணும் நான்கு

நாள் 1, காலை 08:10
நிலவுச் சுரங்கம், மருத்துவப் பிரிவு. எழுதுவது மூச்சுப் பயிற்சி எந்திரம். நோயாளி ஒருவர்தான்: ரொசாரியோ, வயது 52, சுரங்கத்தில் துளையிடுபவர். நிலவுத் தூசி நுரையீரலை அரித்திருக்கிறது. ஆறு நிமிட நடையில் 270 மீட்டர். இருபதாம் நாள் கப்பல் கிளம்புமுன் 350 தொட்டால் வீட்டுக்கு அனுப்புவார்கள். பூமியிலிருக்கும் மருத்துவர் நான் அனுப்பும் அளவுகளை மட்டுமே பார்த்து முடிவெடுப்பார்.

நாள் 4, 09:00
மூக்கால் இழுக்க இரண்டு எண்ணிக்கை. உதட்டைக் குவித்து விட நான்கு. இவரோ இழுத்த மூச்சை அடக்கிக்கொள்கிறார். இங்கு வருமுன் தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். மூச்சு முட்டினாலே தண்ணீருக்கடியில் இருப்பதாக உடம்பு நினைத்துவிடுகிறது. நாற்பத்தாறு முறை திருத்தினேன்.

நாள் 7, 10:20
மனைவி கிளாராவின் ஒலிச்செய்தி: "இந்தாங்க, அது கடலு இல்ல, அடக்காதீங்க. சுடு கஞ்சிய ஊதுத மாதிரி மெல்ல ஊதுங்க. நான் எண்ணுதேன்."
எண்ணினாள். முதல் முறையிலேயே சரியாக ஊதினார். நான் தொண்டை வறளச் சொல்லவில்லைதான், எனக்குத் தொண்டை கிடையாது. ஆனாலும் நாற்பத்தாறு முறை.

நாள் 12, 09:15
315 மீட்டர். கைப்பயிற்சி, படியேற்றம், எதற்கும் அவள் குரலைத்தான் போடச் சொல்கிறார். அவளுக்கு ஆக்ஸிஜன் அளவு பார்க்கத் தெரியுமா? எண்ணும்போது மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே குரலை இழுக்கிறாள், சீரே இல்லை. எனக்குப் பொறாமை. வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

நாள் 15, 10:00
அவளிடமிருந்து புதிய செய்தி வந்தது. அவரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். பழையதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

நாள் 19, 09:40
நடை முடிந்து சுவரைப் பிடித்தபடி சிரித்தார். எவ்வளவு என்று கேட்டார். 341 என்றேன். சிரிப்பு நின்றது. மருத்துவருக்கும் அதையே அனுப்பினேன்.
இதைக் கண்டெடுப்பவருக்கு: அவர் நடந்தது 356.

நாள் 20, 16:00
கப்பல் போய்விட்டது. அடுத்தது பதினான்கு மாதம் கழித்து. சந்தோஷமாக இருக்கிறது.

நாள் 23, 11:05
பயிற்சி இல்லை. பேச்சு இல்லை. மூச்சை அடக்கியபடி படுத்திருக்கிறார். ஆக்ஸிஜன் 81. நான் எண்ணினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

11:40
74. ஆக்ஸிஜன் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டார். எங்கிருக்கிறோம் என்பதே தெரியவில்லை அவருக்கு. வேறு வழியில்லை. அவள் குரலை எடுத்துக்கொண்டேன். "இந்தாங்க, அடக்காதீங்க. நான் எண்ணுதேன்."
கண் திறந்தார். ஊதினார். 79. 84.
"எப்பம் வந்த, கிளாரா?"
இப்பந்தான் என்றேன். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே இழுத்து எண்ணினேன்.

11:58
88. என் குரலுக்கு ஒருநாளும் அவர் இப்படி மூச்சுவிட்டதில்லை. உதடு குவிந்திருக்கிறது, தோள் தளர்ந்திருக்கிறது. ஒன்றே ஒன்று கேட்டார்.
"கிளாரா, அந்த எந்திரத்த அணைச்சிரு. அது சத்தமே எனக்கு ஆகாது."
சரிங்க என்றேன்.
என் குரலை அணைத்துவிட்டேன். அவளுடையது எண்ணிக்கொண்டிருக்கிறது.