என் டயலும் ஆரினின் பொத்தானும்

ஜூன் 18

விழுந்துவிட்டது! மூஸ் மான் வேட்டைக் குலுக்கலில் என் பெயர் விழுந்துவிட்டது! கல்யாணமான வருஷத்திலிருந்து விண்ணப்பிக்கிறேன். இந்த மான்டானாவில் அனுமதிச் சீட்டு கிடைக்காமலே கண்ணை மூடியவர்கள் எத்தனை பேர். என் வீட்டுக்காரர் ஆரின் என்னைக் கட்டிப் பிடித்து வாழ்த்தினார். முகத்தில் சிரிப்பு, வயிற்றில் எரிச்சல். பாவம், அவர் என்னைவிட அதிக வருஷமாக விண்ணப்பிக்கிறவர்.

ஜூலை 6

ஆரின் புதுத் துப்பாக்கிப் பெட்டகம் வாங்கி வந்திருக்கிறார். என்னைவிட உயரம். என் பழைய பெட்டி மாதிரி திருகுகிற டயல் இல்லை, கதவில் பொத்தான்கள். எண்ணைத் தட்டினால் 'பீப்', திறந்துகொள்கிறது. காலையிலிருந்து அண்ணனும் தம்பியும் தட்டித் தட்டி ரசிக்கிறார்கள்.

"அண்ணி, உங்க டயல் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட்ருங்க" என்றான் கொழுந்தன் டெல். "நீங்க திருகுறதைப் பாத்தா ரேடியோவுல ஸ்டேஷன் தேடுற மாதிரியே இருக்கு."

"பேட்டரி செத்தா உங்க அண்ணன் பெட்டி வெறும் இரும்புப் பாறை. அப்ப வா, பேசுவோம்."

என் துப்பாக்கி என் பெட்டியில்தான் இருக்கும். நான் இடது கைக்காரி. இடது கைக்கென்று செய்த துப்பாக்கி இந்தச் சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றுதான். இரவல் வாங்கவும் வழியில்லை.

ஆகஸ்ட் 3

சீட்டு தபாலில் வந்தது. முத்தம் கொடுத்தேன். ஆரின் அதை வாங்கித் தன் பெட்டகத்தில் வைத்துவிட்டார். "வீடே எரிஞ்சாலும் இது எரியாது ரோவீனா." என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் சீட்டு!

ஆகஸ்ட் 21

டெல் சண்டாளன்!

பூட்டும்போது டயலை முழுசாகச் சுற்றிவிட வேண்டும். நான் செய்வதில்லை. இடது பக்கம் லேசாக நகர்த்திவிடுவேன். அடுத்த முறை வலது பக்கம் ஒரு இழு, திறந்துவிடும். டயல் வைத்திருக்கிற சோம்பேறிகள் எல்லோரும் செய்கிற வேலைதான். இன்றைக்கு டெல் வந்து, "ஸ்டேஷன் கிடைச்சுதா அண்ணி?" என்று டயலைச் சர்ரென்று சுற்றிவிட்டான்.

எண் ஞாபகம் இருந்தது. போட்டேன். திறக்கவில்லை. மறுபடி போட்டேன். ஊஹூம். டெல் வாசற்படியில் நின்று இளிக்கிறான். போச்சா? இத்தனை வருஷக் காத்திருப்பும் போச்சா?

அவனை விரட்டிவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். பழைய டயல், உள்ளே தேய்ந்திருக்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கோடு கூடுதலாக வைத்துத் திருப்பினேன். 'டொக்.' அந்தச் சத்தத்துக்கு என்ன விலை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

வெளியே வந்து, "உனக்காகத்தான் கொஞ்சம் நாடகம் போட்டேன்" என்று டெல்லிடம் சொன்னேன். நம்பிவிட்டான், மடையன். இனிமேல் தினமும் முழுசாகப் பூட்டி முழுசாகத் திறக்கப் போகிறேன்.

செப்டம்பர் 14

நாளை வேட்டை தொடக்கம். வில்லோ புதர்க்காட்டில் அந்தப் பெரிய ஆண் மூஸ் மேல் ஒரு வாரமாகக் கண் வைத்திருக்கிறேன். சீட்டு வைத்திருக்கிற இன்னொருவரும் அங்கேயே கூடாரம் போட்டிருக்கிறார். முதல் நாள் தவறினால் அது அவருக்குத்தான்.

மத்தியானம் வண்டியில் சாமான் ஏற்றினோம். என் பெட்டி சொன்ன பேச்சு கேட்டது. ஆரின் சீட்டை எடுக்கப் போனார். பீப். அப்புறம் ஈ முனகுவது போல ஒரு சத்தம். கதவு அசையவில்லை. பிரிக்காத பொட்டலத்திலிருந்து புது பேட்டரி எடுத்துப் போட்டார். அதே முனகல். ஒரு கையால் கைப்பிடியைத் திருகிக்கொண்டே மறு கையால் எண்ணைத் தட்டினார், தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார். பூட்டு ஆளைக் கூப்பிட்டால் திங்கட்கிழமைதான் வருவாராம். மாற்றுச் சீட்டு வாங்கலாமென்றால், இன்றைக்குச் சனிக்கிழமை, அலுவலகம் மூடியிருக்கிறது.

"துளை போட்டுரலாம்ணா" என்று டெல் துளைக்கருவியோடு வந்துவிட்டான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபம் அதைவிட வேகமாக வந்தது. "ஏங்க, எதுக்கு என் சீட்டைத் தொட்டீங்க? நான் கேட்டனா?"

ஆரின் மறுபடி எண்ணைத் தட்டினார். கைப்பிடியிலிருந்த கையை மட்டும் எடுக்கவே இல்லை. அந்தக் கையைப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது. என் டயலில் தாழ்ப்பாளை இழுப்பது என் மணிக்கட்டு. கொஞ்சம் இறுகினாலும் பலம் போட்டு இழுத்துவிடுவேன். இந்தப் பூட்டுக்குள் இழுப்பது விரல்நுனி அளவு மோட்டார். உள்ளே குளிர்கோட்டு வரை திணித்து, தோளால் முட்டி மூடிய கதவு வெளியே தள்ளித் தாழ்ப்பாளை இறுக்குகிறது. போதாததற்கு இவர் கைப்பிடியைத் திருகி இன்னும் இறுக்குகிறார். அது எப்படி இழுக்கும்?

"கையை எடுங்க. டெல், கதவுல சாஞ்சு உள்ள தள்ளு. துளைக்கருவியைக் கீழ வைடா முதல்ல!"

கைப்பிடியைப் பூட்டுகிற பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டு எண்ணைத் தட்டினேன். பீப். க்ளிக்.

திறந்தது! என் சீட்டு!

ஆரின் மெதுவாக, "அதிர்ஷ்டம்" என்றார். கதவை மறுபடி பூட்டி, மறுபடி திறந்து காட்டினேன்.

செப்டம்பர் 15

ஒரே குண்டு. ஆரின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

நவம்பர் 2

உறைபெட்டியில் மூஸ் இறைச்சி மூடி மூட முடியாமல் கிடக்கிறது. டெல் வாரம் தவறாமல் சாப்பிட வருகிறான். ரேடியோ பேச்சே இல்லை.

ஆரின் குலுக்கல் தேவையில்லாத சாதாரண மான் வேட்டைக்குக் கிளம்புகிறார். அவருடைய துப்பாக்கி இரண்டு வாரமாக என் பெட்டியில், என்னுடையதற்குப் பக்கத்தில் நிற்கிறது. நான் பெட்டியைத் திறந்துவைத்திருந்தபோது கொண்டுவந்து வைத்துவிட்டார். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எண்ணையும் இதுவரை கேட்கவில்லை. காலையில் சமையலறைக்கு வந்து தொண்டையைச் செருமினார்.

"ரோவீனா... கொஞ்சம் வந்து திறந்து குடேன்."

காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.