பாய்லர் அறைப் போர்வை

அம்மாவுக்கு,

வணக்கம். இருமல் குறைந்ததா? வொஞ்சு நகரில் நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே எங்கள் வாடிக்கையாளர் பியோன் அக்கா வீட்டில் தரையைச் சூடாக்கும் பாய்லர் வாரத்துக்கு இரண்டு நாள் நின்று, வீட்டுத் தரையெல்லாம் சில்லிட்டுப்போகும். பழுதுபார்க்க நான் போனால் ஒழுங்காக எரியும். நான்கு முறை போய்விட்டேன். "உன்னைப் பாத்தா மட்டும் நல்ல புள்ளையா நடிக்குது தம்பி" என்று கேலி வேறு. நேற்று அவருடைய பக்கத்து வீட்டுக்கு வேலைக்குப் போனவன், சொல்லாமல் அக்கா வீட்டிலும் நுழைந்தேன். பாய்லர் அறையின் காற்றுத் துவாரத்தில் அக்கா பழைய போர்வையைத் திணித்திருந்தார். காற்றில்லாமல் பாய்லர் அணைந்து கிடந்தது.

"ஊதக்காத்து தாங்கல. நீ வர்றப்ப அசிங்கமா இருக்குமேன்னு எடுத்து வெச்சிருவேன்" என்றார். சிரித்துவிட்டேன்.

திரும்பும் வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. போன புத்தாண்டுக்கு நம் தீவுக்கு நான் வந்தபோது வீடு பளபளவென்று இருந்தது. நீங்கள் ஒருமுறைகூட இருமவில்லை. நான் படகேறிய மறுநாளே நீங்கள் படுத்துவிட்டது, சித்தி சொல்லித்தான் தெரியும்.

இந்தப் புத்தாண்டுக்கும் விடுப்பு இல்லை. குளிர்காலத்தில் எங்களை விடமாட்டார்கள். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். பதிலில் 'நலம்' என்று எழுத வேண்டாம். நான் வரும்போது மாத்திரைப் பையை எங்கே ஒளித்து வைக்கிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

வேலைக்குப் போகும் வண்டி கிளம்புகிறது. எழுதமாட்டீர்கள் என்று தெரியும்.

மகன்,
சங்-ப்யோ