இடது காதுக்கு மட்டும் தைத்தது

இன்று காலை தையல் மெஷினுக்கு எண்ணெய் போட அடித்தட்டைத் திறந்தேன். பாபின் கூட்டைச் சுற்றி நூல் பிசிறுகளோடு கறுப்புச் செதில்கள் கிடந்தன. செத்த எறும்போ என்று விரலால் தொட்டேன். விரலில் ஒட்டிக்கொண்டது. உன் ஹெட்செட்டிலிருந்து உதிர்ந்த தோல். காதில் படும் அந்த வட்ட பேடின் மேல்தோல் வேர்வையில் இற்றுப்போய், நீ அதை முதன்முதலில் என்னிடம் கொண்டுவந்த நாளில் என் மேசை முழுக்கக் கொட்டியதே, அதன் மிச்சம். பிரஷ்ஷால் கூட்டித் தள்ளினேன். பிறகு எண்ணெய் போடவும் மறந்துபோய் உன்னைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வாய்விட்டுத்தான் திட்டினேன். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இறந்தவர்களைத் திட்டக்கூடாதாம். உன் வருஷத் திதியும் முடிந்துவிட்டது. அழுகை நின்றுவிட்டது, கோபம் நிற்கவில்லை. வேறு யாரிடம் சொன்னாலும் "என்னா பொம்பள இவ" என்பார்கள். அதனால் உன்னிடமே சொல்கிறேன். கேட்டுக்கொள். காது சரியில்லை என்று சொல்லி இந்தத் தடவை நழுவ முடியாது.

லாபு தோட்டத்துப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நான் கல்யாணமாகி மம்பாவுக்கு வந்து, வீட்டு முன்னறையில் மெஷினைப் போட்டு ரவிக்கை தைக்க ஆரம்பித்தேன். நீ லாபுவிலேயே இருந்துவிட்டாய். உன் வீட்டுக்காரர் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். நீ நீலாயில் ஒரு தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றபடி வேலை செய்து, வீங்கிய காலோடு வீடு திரும்புவாய். அப்புறம்தான் அந்தத் தொலைபேசி வேலை கிடைத்தது. கார் காப்புறுதி எடுத்தவர்கள் கூப்பிட்டால் தமிழிலும் மலாயிலும் பதில் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம். கம்பெனி ஒரு மடிக்கணினியும் ஒரு ஹெட்செட்டும் கொடுத்தது.

"உக்காந்து சம்பளம் வாங்குறேன்லா" என்று என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாய்.

அந்த வேலை உனக்குப் பொருந்தியது. உன் அறையில் உட்கார்ந்து நான் கேட்டிருக்கிறேன். எவனோ போர்டிக்சன் சாலையில் காரை மோதிவிட்டு அழுகிறான். நீ குரலைத் தாழ்த்தி, "அண்ணே, மொதல்ல ஓரமா நில்லுங்க. ஒங்களுக்கு எங்கயாச்சும் வலிக்குதா? இப்ப தெரியாது, கண்டிப்பா டாக்டரப் பாத்துடுங்க" என்கிறாய். அவன் அமைதியாகிவிடுகிறான். முகம் தெரியாதவனை டாக்டரிடம் அனுப்பத் தெரிந்தது உனக்கு. இதை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஹெட்செட்டின் தோல் உரிய ஆரம்பித்தபோது கம்பெனியிடம் கேட்டாய். புதிது வரும் என்றார்கள், வரவில்லை. ஆன்லைனில் ஒரு ஜோடி வாங்கினாய். மெல்லிய, துளைத்துளையான ஸ்பாஞ்ச். இரண்டு நாளில் அதையும் எடுத்துக்கொண்டு மம்பாவுக்கு வந்துவிட்டாய்.

"எல்லாரும் தகர டின்னுக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்குடி. வெளிய கோழி கத்தறதும் உள்ள வருது. காதுமடல் அப்படியே அந்த ஸ்பீக்கர்ல போய் இடிக்குது. நீ தைச்சுக் கொடேன்."

ரவிக்கை தைக்கிறவளுக்கு ஹெட்செட்டைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் நீ கேட்டால் நான் மாட்டேன் என்று சொன்னதில்லை. ரவிக்கைக்கு உள்ளே வைக்கிற கப் ஸ்பாஞ்சை வளையமாக வெட்டி, லைனிங் துணியில் உறை தைத்துக் கொடுத்தேன். காட்டன், வேர்வையை நன்றாக இழுத்தது. எதிலிருந்து வெட்டினேன் என்று சொன்னதும் நீ சிரித்த சிரிப்பில் மேசையில் இருந்த ஊசி டப்பா கவிழ்ந்தது. மறுநாள் போன் பண்ணினாய். "குளுகுளுன்னு இருக்கு. ஆனா ஆம்பளைங்க குரலெல்லாம் பொடிப்பசங்க குரல் மாதிரி ஆயிடுச்சு."

இரண்டு பேரும் யோசித்தோம். காட்டன் துணி வழியாகக் காற்று போகிறது, அதோடு சத்தத்தின் கனமும் வெளியே ஓடிவிடுகிறது என்று நீதான் கண்டுபிடித்தாய். சரி என்று மோட்டார் சீட்டுக்குப் போடும் ரெக்சினில் தைத்தேன். கனம் திரும்பிவிட்டது. ரொம்பவே திரும்பிவிட்டது. "எல்லாரும் கெணத்துக்குள்ள இருந்து பேசறாங்க" என்றாய். அதோடு வேர்வை வழிந்து காதைச் சுற்றி வேர்க்குரு. ஸ்பாஞ்சைத் தடிமனாக வைத்தேன். காது எதிலும் இடிக்கவில்லை, ஆனால் குரல்கள் தூரமாகப் போய்விட்டன. மெல்லியதாக வைத்தால் குரல் பக்கத்தில் வந்தது, காது நொந்தது. உன் மூக்குக்கண்ணாடியின் காம்பு பேடைத் தூக்கிக்கொண்டு நின்றது. அந்த இடுக்கு வழியாகவும் சத்தம் ஒழுகுகிறது என்றாய். அந்த இடத்தில் ஸ்பாஞ்சைக் கொஞ்சம் செதுக்கி விட்டேன். கடைசியில் வெளிவட்டம் ரெக்சின், கன்னத்தில் படுகிற இடம் மட்டும் காட்டன் என்று தைத்தபோதுதான் உனக்குப் பிடித்தது. மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, ஏதோ பாட்டைப் போட்டுக் கேட்டாய்.

"கெட்டிக்காரிலா நீ. காதுல ஒண்ணு இருக்கறதே தெரியல." பிறகு இடது பக்கத்தைத் தட்டினாய். "இந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் மங்கலா இருக்கு. தையல் இழுக்குதோ என்னமோ."

அங்கே ஆரம்பித்தது. இடது பேடைப் பிரித்தேன், தைத்தேன். மறுபடி வந்தாய். வேறு ஸ்பாஞ்ச் வைத்தேன். மறுபடி வந்தாய். தீபாவளித் தையல் மலையாகக் குவிந்து கிடந்த நேரத்தில், ஊரார் ரவிக்கைகளை ஒதுக்கி வைத்துவிட்டு உன் இடது காதுக்கு வளையம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் நானே ஹெட்செட்டை மாட்டிக் கேட்டேன். எனக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தது. அப்போது எனக்கு ஒன்று தோன்றியது.

"திருப்பிப் போட்டுப் பாரு. இடத வலது காதுல மாட்டு. பேட்ல கோளாறுன்னா இப்ப வலது காதுல மங்கலா கேக்கணும்."

நீ திருப்பி மாட்டிக்கொண்டாய். என் கண்ணைப் பார்த்தாய். கொஞ்ச நேரம் கேட்பது போல் தலையைச் சாய்த்தாய்.

"ஆமாடி. இப்ப வலது பக்கம் மங்குது. பேட்தான்."

நான் நம்பினேன். ஏன் நம்பமாட்டேன்? அதுவரை நீ என்னிடம் பொய் சொன்னது கிடையாது. உடனே அந்தப் பேடை வாங்கிப் பிரிக்க உட்கார்ந்தேன். நீ எதிரே உட்கார்ந்து, நான் தையல் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடித்தாய். எப்படிடி குடித்தாய்?

அடுத்து வந்த பொங்கலுக்கு உனக்கு ரவிக்கை தைக்க அளவெடுத்தபோது உண்மை வெளியே வந்தது. நீ கேட்ட உயரக் காலருக்குக் கழுத்தளவு எடுக்க டேப்பைச் சுற்றினேன். இடது காதுக்குக் கீழே, தாடை எலும்புக்குப் பின்னால், டேப்புக்கு அடியில் ஒன்று தட்டுப்பட்டது. கெட்டியாக, நகராமல் இருந்தது.

"என்னா இது?"

நீ டேப்பைத் தள்ளிவிட்டாய். "நெறி கட்டிருக்குலா. சளி."

"எத்தன நாளா?"

"ஒனக்கு ரவிக்க தைக்கணுமா, வேணாமா?"

உன் பையில் இருந்த கைக்குட்டையை அப்போதுதான் பார்த்தேன். மூக்குச் சிந்தியதில் ரத்தம். நீ மறைப்பதற்குள் பிடுங்கிவிட்டேன். உன்னைக் கையைப் பிடித்து இழுத்து காரில் ஏற்றி சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே புற்றுக்கட்டி என்று பிறகு சொன்னார்கள். அது வளர்ந்து காதுக்குப் போகும் குழாயை அடைத்துவிட்டதாம். அதனால்தான் ஒரு பக்கம் மந்தம். இந்த நோய் பல பேருக்கு முதலில் காதில்தான் தெரியுமாம். ஆரம்பத்தில் வந்திருந்தால் நல்லபடியாகக் குணமாக்கியிருக்கலாம் என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். உன்னுடையது எலும்புக்குப் போயிருந்தது.

வார்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உன் வீட்டுக்காரர் சாப்பாடு வாங்கக் கீழே போயிருந்தார். நீயாகத்தான் சொன்னாய்.

"நீ சொல்றதுக்கு முன்னாடியே திருப்பிப் போட்டுப் பாத்துட்டேன்டி. அந்த ஆன்லைன் ஸ்பாஞ்ச் வந்தப்பவே. எப்படிப் போட்டாலும் இடது காதுலதான் மங்குச்சு."

"அன்னைக்கி வலது பக்கம்னு சொன்ன."

"சொன்னேன்."

"கிளினிக்குக்காச்சும் போனியா?"

"ஒரு தடவ போனேன். சொட்டு மருந்து கொடுத்தாரு. ரெண்டு வாரத்துல சரியாகலன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுன்னாரு. போகல."

நான் கத்தினேன். தாதி ஓடி வந்து வாயில் விரல் வைத்தாள். அடுத்த கட்டிலில் இருந்த மலாய்க்கார அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நீ மட்டும் அசையவில்லை. வேலையில் பேசுகிற அதே தாழ்ந்த குரலில் எனக்குச் சமாதானம் சொல்ல ஆரம்பித்தாய்.

"காது போச்சுன்னு தெரிஞ்சா வேலய எடுத்துடுவாங்க. மறுபடி நின்னுக்கிட்டு செய்யற வேலைக்குப் போகச் சொல்றியா? அதுமட்டும் இல்லடி. நீ ஒவ்வொரு தடவ பிரிச்சுத் தைக்கறப்பவும், இந்தத் தடவ சரியாயிடும்னு எனக்கே தோணும். பேட்ல கோளாறுன்னா அது சின்ன விஷயம்தானே. நீ சரி பண்ணிடுவ."

இந்தப் பேச்சுதான் என் நெஞ்சில் குத்திக்கொண்டு நிற்கிறது. நீ பயந்தாய், அது எனக்குப் புரிகிறது. வேலை போய்விடும் என்று பயந்தாய், அதுவும் புரிகிறது. பயத்தை என்னிடம் சொல்லியிருக்கலாம். நாம் பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து வளர்ந்தவர்கள்தானே? நீ சொல்லவில்லை. என் கையையும், என் கத்தரியையும், என் ஊசியையும் உன் பொய்க்கு வேலைக்கு வைத்துக்கொண்டாய். உன்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்க வேண்டிய மத்தியானங்களில் நான் ஸ்பாஞ்ச் வெட்டிக்கொண்டிருந்தேன். நீ பார்த்துக்கொண்டிருந்தாய்.

சிலர் என்னிடம் கேட்டார்கள், "கூடவே இருந்த, ஒனக்குத் தெரியலயா?" என்று. தெரியவில்லை. அதற்காக நான் தலைகுனியப் போவதில்லை. கேட்டேன், நீ பொய் சொன்னாய். அந்தப் பாரத்தை என் தலையில் ஏற்றிவிட்டுப் போக உனக்கு உரிமையில்லை.

சாவு வீட்டில் எல்லாரும் உன்னைப் புகழ்ந்தார்கள். எவ்வளவு பொறுமை, ஒரு வார்த்தை வலி என்று சொன்னதில்லை, யாருக்கும் தொந்தரவு கொடுத்ததில்லை என்று ஒரு பெரியம்மா ஒப்பாரிக்கு நடுவே சொல்லச் சொல்ல, என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே போய் லோரிக்குப் பக்கத்தில் நின்றேன். உன் மகள் அங்கே வந்தாள். "அம்மா ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகல, ஆண்டி?" என்றாள். பொறுமை என்று எல்லாரும் பாராட்டினார்களே, அதைத்தான் அந்தப் பெண் கேட்டாள். "பயந்துட்டாம்மா" என்றேன். "நீ பயந்தா என்கிட்ட சொல்லு." தலையாட்டினாள். அவளிடம் ஒவ்வொரு வாரமும் "ஒடம்புக்கு ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்கிறேன். கோபமாகத்தான் கேட்கிறேன். அவளுக்கு அது பழகிவிட்டது.

கருமக்கிரியை முடிந்ததும் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்தார், மடிக்கணினியையும் ஹெட்செட்டையும் வாங்கிப் போக. நல்ல மனிதர்தான், கண்ணைத் தாழ்த்திக்கொண்டே பேசினார். உன் வீட்டுக்காரர் இரண்டையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஹெட்செட்டில் நான் தைத்த பேடுகள். நான் கைப்பையிலிருந்து தையல் பிரிக்கும் ஊசியை எடுத்தேன்.

"இது நான் தைச்சது" என்றேன்.

"பரவால்லக்கா, அப்படியே இருக்கட்டும். அடுத்து எடுக்கறவங்களுக்கு நல்லா இருக்கும்."

"நீங்க வாங்கித் தரேன்னு சொன்னது வரவே இல்ல. அடுத்தவங்களுக்காச்சும் வாங்கிக் கொடுங்க."

இரண்டு பேடையும் அங்கேயே பிரித்து எடுத்தேன். யாரும் தடுக்கவில்லை. உன் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெறும் பிளாஸ்டிக் வளையத்தை அந்த மனிதர் கையில் கொடுத்தேன். வலதை உன் மகள் கேட்டாள், கொடுத்துவிட்டேன். இடதை வீட்டுக்கு வரும் வழியில் கார் கண்ணாடியை இறக்கி செம்பனைக் காட்டுக்குள் வீசினேன். வீசியதற்கு இதுவரை வருத்தப்படவில்லை.

மருந்து, கதிர்வீச்சு என்று ஆஸ்பத்திரிக்கு அலைந்த அந்தக் கடைசி மாதங்களில் உன் இடது காதில் எதுவுமே விழவில்லை. நடக்கும்போது நான் எப்போதும் உன் வலப்பக்கம் வந்துவிடுவேன். நீ கேட்க வேண்டும் என்பதற்காக. கேட்டாய்; நான் திட்டியதையெல்லாம் ஒன்று விடாமல் கேட்டாய். இப்போதும் யாரோடு நடந்தாலும் என் கால் தானாக வலப்பக்கம் போகிறது. போன வாரம் பசார் மாலாம் இரவுச் சந்தையில் என் வீட்டுக்காரர் நின்று கேட்டார், "ஏன் எப்பப் பாத்தாலும் சுத்திக்கிட்டு இந்தப் பக்கமே வர்ற?" அவர் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தார். குடித்து முடித்துவிட்டு, கூட்டத்துக்கு நடுவே சுற்றிக்கொண்டு மறுபடியும் அவருடைய வலப்பக்கம் போய் நடந்தேன்.