தையல்சிட்டுக்கு நான் கொடுத்த நூல்

17 ஜூன் 2007, ஞாயிறு
இன்று நல்ல படம் கிடைத்தது. நாங்கள் வாடகைக்கு இருக்கும் வளவுக்குள் நந்தியாவட்டைச் செடியில் தையல்சிட்டு ஒன்று இலைகளைச் சேர்த்துத் தைக்கிறது. காலையில் எடுத்த படங்களில் எல்லாம் பச்சைக்குள் பச்சை, குருவியே தெரியவில்லை. அதனால் அம்மா பனியன் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த சிவப்பு நூல் கோனில் கொஞ்சம் பிரித்துக் கிளையில் தொங்கவிட்டேன்.

கேமரா பக்கத்து வீட்டு ஷைமாவின் அத்தா நூருல்லா பாயுடையது. பனியன் வேஸ்ட் வியாபாரி; கம்பெனிகள் கழித்த துணியையும் நூலையும் வளவு ஷெட்டில் மூட்டை கட்டி வைத்திருப்பார். சரக்கைப் படம் எடுத்து அனுப்ப வாங்கியது.

"நம்ம நூலையெல்லாம் அது எடுக்காதுடி" என்றாள் ஷைமா. எடுத்தது! அலகில் சிவப்போடு திரும்பிப் பார்த்தது.

"கம்பெனிக்குப் புது ஓவர்லாக் டெய்லர் வந்துட்டாங்கடி!" என்று சிரித்தாள் ஷைமா.

20 ஜூன், புதன்
பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றப் பலகையில் என் படத்தை மாட்டுவதாக சுப்புலட்சுமி டீச்சர் சொன்னார். எதையும் தொடாமல் எடுக்க வேண்டும் என்பது மன்ற விதி.

"நூலை நீ வெச்சியா, வேல்விழி?"

"இல்ல டீச்சர், அதுவா எடுத்துச்சு."

ஷைமா என்னைப் பார்த்தாள்.

6 ஜூலை, வெள்ளி
படத்தைப் பலகையில் மாட்டிவிட்டார்கள். கீழே என் பெயர். தாகமே இல்லாமல் அந்தப் பக்கம் தண்ணீர் குடிக்கப் போனேன்.

15 ஜூலை, ஞாயிறு
குஞ்சுகளைப் படம் எடுக்கப் போனேன். ஒரு குஞ்சு கூட்டுக்கு வெளியே தலைகீழாகத் தொங்கியது. காலில் சிவப்பு நூல். அசைவில்லை.

பஞ்சு நூலாக இருந்தால் அறுந்திருக்கும். இது பாலியஸ்டர் — பல்லால் கடித்தாலும் அறாது. எனக்குத் தெரியுமே. தெரிந்தும் ஏன் வைத்தேன்? சிவப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

தாய்க்குருவி வாயில் புழுவோடு வந்து வந்து போனது. நான் நூலை அறுத்துவிடக்கூடப் போகவில்லை. ஓடி வந்துவிட்டேன்.

16 ஜூலை, திங்கள்
வீட்டுக்கார அம்மா கருப்பாத்தாள் குஞ்சைப் பார்த்துவிட்டார். நேராக பாய் வீட்டு வாசலுக்குப் போனார்.

"பச்ச உசுரு தொங்குது, வந்து பாருங்க பாய்! உங்க வேஸ்ட்டு மூட்டையில இருந்து நூலு பறக்குதுன்னு நான் சொல்லலீங்களா? வெள்ளிக்கெழமைக்குள்ள ஷெட்டைக் காலி பண்ணிப்போடுங்க."

"மூட்டையெல்லாம் கட்டித்தானம்மா வெச்சிருக்கேன்..."

"அப்ப இந்த நூலு எங்கிருந்துங்க வந்துச்சு?"

ஷைமா வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். நான் குழாயைத் திறந்து, நிறைந்த குடத்திலேயே தண்ணீர் பிடித்தேன்.

17 ஜூலை, செவ்வாய்
ஷெட் போனால் பாய் குடும்பமே முதலிபாளையம் போய்விடுமாம். ஷைமாவுக்கு வேறு பள்ளிக்கூடம்.

சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அம்மா தாழ்ந்த குரலில், "ஏட்டி, அந்தச் செவப்புக் கோன எடுத்தியா? வெளிய காட்டிராத. கம்பெனி நூலுன்னு தெரிஞ்சா என் வேல போயிரும்" என்றாள்.

நான் சொன்னால் அம்மா. சொல்லாவிட்டால் பாய். அவர் கேமராவில்தானே எடுத்தேன்?

விளக்கு வெளிச்சத்தில் அப்பா தூங்க முடியாமல் புரண்டு படுக்கிறார். போதும்.

18 ஜூலை, புதன்
ஷைமா எனக்கு முன்னாலேயே தனியாகப் பள்ளிக்குப் போய்விட்டாள்.

19 ஜூலை, வியாழன்
நூலை நான்தான் வைத்தேன் என்று டீச்சரிடம் சொன்னேன். திட்டவில்லை. குஞ்சு என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். படத்தைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார்.

பள்ளியில் சொல்ல முடிந்தது. வளவில் வாய் வரவில்லை. மூட்டைகளை ஏற்ற நாளை டெம்போ வருகிறது.

20 ஜூலை, வெள்ளி
பாதி மூட்டை ஏற்றியாகிவிட்டது. பாயின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் வீட்டுக்கார அம்மாவிடம் போய்விட்டேன்.

"நூலு நான் வெச்சதுங்க. படம் எடுக்கறதுக்கு. பாய் மூட்டையில இருந்து வரலீங்க."

"உனக்கேது கண்ணு அந்த நூலு?"

"எங்க ஊட்டுல இருந்ததுங்க." அதற்கு மேல் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"இதத் திங்கக்கெழமையே சொல்றதுக்கென்ன?" என்றவர் டெம்போ பக்கம் போனார். "பாய், எறக்கிப்போடுங்க. நான்தான் வாய விட்டுட்டனுங்க."

பாய் துண்டால் முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு என்னிடம், "ஏத்துனதப் பூரா எறக்கணும். நீயும் ஒரு கை பிடிம்மா" என்றார்.

அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பியதும் உள்ளே போய்விட்டாள்.

மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தேன். மறுமுனையை ஷைமா பிடித்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஷெட் படியில் ஏறும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அடியில பிடி. நழுவுது."