விளக்கெண்ணெயும் பெட்ரோலும்

இன்று காலை ஓர் அம்மா வயிறு உப்பிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்துக்கடைக்கு வந்தாள். விளக்கெண்ணெய்ப் போத்தலைத் திறந்து அளவுக் குவளையில் ஊற்றினேன். பதினைந்து வருடமாகச் செய்கிற வேலைதான். ஆனால் நீ போன பிறகு அந்தப் போத்தலை இன்றுதான் முதல் தடவையாகத் தொட்டேன். மூடியைத் திறந்ததும் வாடை வந்தது, அதோடு நீயும் வந்தாய். குவளை நிறைந்து வழிந்தது. "என்னங்கய்யா, இப்படி ஊத்துறீங்க?" என்று கேட்டாள். வெயில் கண்ணைக் கூசுகிறது என்றேன். எனக்குப் பொய் புதிதில்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல். நீ படிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீ அப்போது மக்கலிஸ்டர் ரோட்டுப் பட்டறையில் மெக்கானிக். ஏதோ ஒரு தோட்டத்துத் துரை விழுந்து நொறுக்கிப் போட்டுவிட்டுப் போன டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளை ஒரு வருடம் மல்லுக்கட்டி ஓட வைத்தாய். அந்த எஞ்சினுக்கு எண்ணெய் தனியாக ஊற்ற இடம் கிடையாது. பெட்ரோலோடு கலந்து ஊற்றுகிற எண்ணெய்தான் உள்ளே போய்ப் பிஸ்டனைக் காப்பாற்ற வேண்டும். கலவை சரியில்லையென்றால் பிஸ்டன் சூட்டில் அப்படியே இறுகிக்கொள்ளும். நீ விரட்டுகிற விரட்டுக்குச் சாதாரண எஞ்சின் எண்ணெய் தாங்கவில்லை. ஆயர் ஈத்தாம் மேட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் வண்டி முனகத் தொடங்கிவிடும். "நீ மருந்து கலக்குறவன்தானே, இதுக்கு ஒரு மருந்து சொல்லுலா" என்றாய். அப்படித்தான் நான் உன் வண்டிக்குள் நுழைந்தேன்.

பந்தயக்காரர்கள் விளக்கெண்ணெய் போடுகிறார்கள் என்று ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் படித்திருந்தேன். சொன்னதும் நீ சிரித்த சிரிப்பில் பட்டறையே திரும்பிப் பார்த்தது. "டேய், பேதிக்குக் குடுக்கிறத என் வண்டிக்குக் குடுக்கிறியா? அப்பறம் வழியில எங்கயும் நிக்காதுலா!" அன்றிலிருந்து உனக்கு நான் விளக்கெண்ணெய்க் கம்பவுண்டர். எங்கள் மருந்துக்கடை இருக்கிற சுலியா தெரு முழுக்க அந்தப் பெயரைப் பரப்பினாய்.

கேலி செய்தாலும் சொன்னதைச் செய்தாய். மூன்று போத்தல்களில் மூன்று கலவை கலந்து பட்டறை ஜன்னலில் வைத்தோம். பெட்ரோலில் எஞ்சின் எண்ணெய் நன்றாகக் கலந்தது, ஆனால் சூட்டுக்கு ஆகாது என்று ஏற்கெனவே தெரியும். கடையில் காயம் துடைக்க வைத்திருக்கிற ஸ்பிரிட்டில் விளக்கெண்ணெய் தேன் போலத் தெளிவாகக் கரைந்து நின்றது. பெட்ரோலில் விளக்கெண்ணெய் மட்டும் கலங்கி, ஒரு மணி நேரத்தில் எண்ணெய் பிரிந்து அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. இதைவிடத் தெளிவாக ஒரு பாடம் யாருக்கும் கிடைக்காது. பெட்ரோலுக்குப் பதில் ஸ்பிரிட் என்று முடிவு செய்தோம். ஸ்பிரிட்டை வண்டி இரண்டு மடங்கு குடிக்கும் என்பதால் கார்புரேட்டரில் எரிபொருள் பாய்கிற ஜெட்டைப் பெரிதாக்கினாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ ஆயர் ஈத்தாம் போய்த் திரும்பியபோது எஞ்சின் முனகவில்லை. நீதான் ரோட்டில் நின்று கத்தினாய்.

அந்த மாதக் கடைசியில் புல் திடலில் மோட்டார் சைக்கிள் பந்தயம் இருந்தது. அதில் உனக்கு வேண்டியிருந்தது கோப்பை அல்ல. சிங்கப்பூரில் மோட்டார் சைக்கிள் விற்கிற முதலாளி ஒருவர் தன் கடைக்காகப் பந்தயம் ஓட்ட ஆள் தேடி வந்திருந்தார். ஜெயிப்பவனை அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தார். ஓட்டுவதையே வேலையாகச் செய்யலாம், அதற்குச் சம்பளமும் தருவார்கள் என்பதை உன்னால் நம்பவே முடியவில்லை. ஒரு வாரம் நீ சரியாகச் சாப்பிடவில்லை என்று உன் அக்கா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

பந்தயத் திடலுக்குப் போனதும் நடத்துகிறவர்கள் கையை விரித்தார்கள். ஸ்பிரிட் கூடாது, தாங்கள் தருகிற பெட்ரோலைத்தான் எல்லோரும் ஊற்ற வேண்டும் என்றார்கள். டாங்கியைக் காலி செய்து, பழைய ஜெட்டைத் திரும்ப மாட்டினாய். பக்கத்துக் கூடாரத்தில் எஞ்சின் எண்ணெய் இருந்தது. "கேட்டு வாங்கிட்டு வரட்டுமாடா?" என்றாய். நான்தான் வேண்டாமென்றேன். அது பாதிப் பந்தயத்தில் காலை வாரிவிடும், விளக்கெண்ணெயே போடு, நன்றாகக் குலுக்கினால் போதும் என்றேன். ஜன்னலில் வைத்த மூன்றாவது போத்தல் எனக்கு நினைவில்லாமல் இல்லை. நான் கொண்டுவந்த எண்ணெயால்தான் நீ ஜெயிக்க வேண்டும் என்று எனக்குள் ஓர் ஆசை, அவ்வளவுதான். நீ போத்தலை வாங்கி மூடியைத் திறந்தாய்.

குலுக்கி ஊற்றினோம். ஊற்றியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம் வண்டி ஸ்டாண்டில் நின்றது. 'குடிக்குமுன் குலுக்கவும்' என்று நாளுக்கு இருபது போத்தலில் சீட்டு ஒட்டுகிறவன் நான். மழை விட்டதும் விசில் ஊதினார்கள், வண்டியை மறுபடி குலுக்காமலே நீ ஓடிப்போய் ஏறிக்கொண்டாய். நான் சிவப்புத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசி வளைவுக்கு ஓடினேன். ஓட்டுகிறவனுக்குத் தன் புகை தெரியாது. புகையில் ஏதாவது கோளாறு கண்டால் நான் துண்டை ஆட்ட வேண்டும், நீ உடனே கிளட்சைப் பிடித்து நிறுத்திவிட வேண்டும் என்பது நாம் பேசி வைத்தது.

முதல் சுற்றில் உன் வண்டி கரும்பு ஆலை போலப் புகைந்தது. அடியில் தங்கிய எண்ணெய் முதலில் போகிறது என்று புரிந்தது. நீதான் கடைசி. இரண்டாவது சுற்றில் புகை குறைந்தது, மூன்று பேரை முந்தினாய். மூன்றாவதில் புகையே இல்லை. எஞ்சின் அதற்கு முன் அப்படி ஓடியதே இல்லை. சனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அந்தத் திடலில் எனக்கு மட்டும்தான் தெரியும், புகையில்லை என்றால் எண்ணெயில்லை என்று. சிங்கப்பூர் முதலாளி எனக்குப் பத்தடி தள்ளி நின்றிருந்தார். "யாரு இந்தத் தம்பி? இவன் ஜெயிச்சா அடுத்த வாரமே கப்பல் ஏத்திருவேன்" என்றார். நீ முதலாவதாக வந்துகொண்டிருந்தாய். வளைவில் திரும்பும்போது தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய்.

எட்டுச் சுற்றுப் பந்தயம். ஆறாவதில் வண்டிச் சத்தம் நின்றது. பின்சக்கரம் இறுகி, ஈரப் புல்லில் வண்டி உன்னை வாரி எறிந்ததைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் உனக்கு நினைவு திரும்பியபோது கால் தொடை வரை கட்டுப் போட்டிருந்தார்கள். உன் அக்கா கட்டிலின் அந்தப் பக்கம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ கேட்ட முதல் கேள்வி, "துண்டு ஆட்டுனியாடா?"

ஆமா என்றேன்.

"எத்தன சுத்து?"

"மூணு சுத்து ஆட்டுனேன்."

ஒரு பொய் போதாதென்று இரண்டு சொன்னேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். "நான் பார்க்கவே இல்லயேடா" என்றாய். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தாய். அழுதுகொண்டிருந்தவன் நான்.

கால் ஆறு மாதத்தில் கூடிவிட்டது. அதோடு போயிருந்தால் நான் என்றைக்காவது மறந்திருப்பேன். சிங்கப்பூர் முதலாளி நல்ல மனுஷன், வா என்று கடிதம் போட்டார். நீ போகவில்லை. "கண்ணு முன்னாடி மூணு சுத்து செவப்புத் துண்ட ஆட்டியிருக்கான், எனக்குத் தெரியல. இந்தக் கண்ண நம்பி வண்டியில ஏறச் சொல்றீங்களா?" என்று அக்காவிடம் சொன்னாய். நானும் பக்கத்தில்தான் நின்றேன். கண் டாக்டர் ஒரு குறையுமில்லை என்றார். வெளியே வந்து என்னிடம், "டாக்டருக்கு என்னலா தெரியும்? துண்டு ஆட்டுனது நீதானே" என்றாய்.

அதன் பிறகு கண்ணுக்கு மருந்து கேட்டு என்னிடமே வந்தாய். கண் கழுவுகிற போரிக் தண்ணீர் கலந்து கொடுத்தேன். மாதம் ஒரு போத்தல், ஏழு வருடம். பட்டறையில் சைக்கிள் ஒட்டுப் போடுகிற மூலையில் உட்கார்ந்துகொண்டாய். சைக்கிளைக்கூட நீ ஏறி ஓட்டாமல் தள்ளிக்கொண்டு போவாய். சாலையைக் கடக்க நின்றால் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நிற்பாய், பள்ளிப் பிள்ளைகள் உன்னைத் தாண்டி ஓடுவார்கள். கல்யாணப் பேச்சு வந்தபோது குருடனுக்கு எதற்குப் பெண் என்று சிரித்தாய். எனக்கும் சிரிக்கத் தெரிந்திருந்தது.

போன மாதம் காய்ச்சலில் படுத்தாய். மூன்று நாள் பகலெல்லாம் உன் பக்கத்தில் சொல்லிவிட வேண்டும் என்றே உட்கார்ந்திருந்தேன். நீ என்னைப் பார்த்து, "கட மூடிக் கெடக்குமே, போடா" என்றாய். இதுதான் சாக்கு என்று எழுந்து போனேன். உன் சாவு வீட்டில் அக்கா என்னைக் காட்டி, "இவருதான் அன்னைக்குத் துண்டு ஆட்டி நிறுத்தப் பார்த்தவரு" என்று வந்தவர்களிடம் சொன்னாள். யாரோ நாற்காலி போட்டார்கள், யாரோ காப்பி கொடுத்தார்கள். உட்கார்ந்து குடித்தேன்.

தப்பான எண்ணெயைக் கலந்ததற்கு என்னால் ஏதாவது சமாதானம் சொல்ல முடியும். மழை, அவசரம், தலைக்கனம் என்று எதையாவது சொல்லலாம். துண்டை ஆட்டாததற்குக்கூட, உன் ஆசைக்காகத்தான் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்த 'ஆமா'வுக்கு மட்டும் எதுவும் கிடைக்கவில்லை. அதைச் சுமந்துகொண்டுதான் கடை திறக்கிறேன், சாப்பிடுகிறேன், கோயிலுக்குப் போகிறேன்.

நான் துண்டை ஆட்டவே இல்லையடா. ஒவ்வொரு சுற்றிலும் நீ திரும்பி என்னைப் பார்த்தாய். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. உன் கண் நன்றாகத்தான் இருந்தது.